டி.சி.எஸ். சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: கெமிக்கல் டெக்னாலஜி டிப்ளமோ இறுதியாண்டு படிக்கிறேன். கணக்கில் சுமார்தான். கன்ட்ரோல் ரூம் வேலைக்கு டி.சி.எஸ். சான்றிதழ் கட்டாயம், மூன்று மாதத்தில் அதைக் கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்கிறது ஒரு பயிற்சி மையம். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம்.

டி.சி.எஸ். (Distributed Control System) என்பது ஆலையைத் திரையில் பார்த்தபடி இயக்க உதவும் கணினி அமைப்பு, அவ்வளவுதான். புதிதாக வருபவரை அதன் முன்னால் யாரும் உட்கார வைப்பதில்லை. முதலில் கீழே பம்ப் பக்கம் அனுப்புவார்கள். எந்த வால்வ் எங்கே இருக்கிறது, சாம்பிளை எப்படி எடுப்பது, பம்ப் வழக்கத்துக்கு மாறாக உறுமினால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் பழகிய பிறகுதான் திரை. அதுவும் ஆலைக்கு ஆலை வேறுபடும் என்பதால் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

நேர்முகத் தேர்வில் நான் கேட்டுவந்த கேள்வி ஒன்று: தொட்டியின் மட்டத்தைக் காட்டும் கருவி 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை சிக்னல் அனுப்புகிறது. இப்போது 12 வருகிறது. தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது? பாதி. சரி, பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் ஏன் 4? ஒயர் அறுந்தால் பூஜ்யம் காட்டும். பூஜ்யமே காலித் தொட்டிக்கும் அடையாளம் என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இதைச் சொன்னவரிடம் நான் சான்றிதழ் கேட்டதில்லை.

உங்கள் கணக்கு பயத்துக்கு வருகிறேன். டெக்னீஷியனுக்குத் தினமும் தேவைப்படுவது நீர்த்தல் கணக்கு. 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறக்குறைய 12 மோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). அதிலிருந்து 0.1 மோலார் கரைசல் ஒரு லிட்டர் வேண்டுமானால் சுமார் 8.3 மில்லி போதும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பாட்டிலைத் திறக்கத் திறக்க அமிலம் புகைந்து குறையும். அதனால் லேபிளை நம்பாமல், உலர்த்திய சோடியம் கார்பனேட்டை வைத்து டைட்ரேஷன் (அளவு தெரிந்த பொருளோடு வினைபுரிய வைத்துக் கணக்கிடும் சோதனை) செய்து சரியான செறிவைக் கண்டுபிடியுங்கள். இதைப் பத்து தடவை செய்தால் பயம் போய்விடும்.

ஆனால் கல்லூரியில் செய்ய விடுகிறார்களா? ரெக்கார்டு நோட்டில் டைட்ரேஷனின் மூன்று அளவும் 10.2, 10.2, 10.2 என்று வரிசையாக இருக்கும். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியது! கையெழுத்துப் போடும் ஆசிரியருக்கும் அது தெரியும். இரண்டு வருடம் இப்படிப் போனால் பிள்ளைகள் பயிற்சி மையத்தில் போய் விழாமல் என்ன செய்வார்கள்? வேலை கொடுப்பவர்களும் லேசுப்பட்டவர்களில்லை. புதியவர் வேண்டும், அனுபவமும் வேண்டும் என்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு, பாய்லர். உயர் அழுத்த நீராவி தவறினால் உயிர் போகும் என்பதால், அதை இயக்கத் தனி உரிமம் வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. அந்த உரிமம் வேலைக்கு நிச்சயம் உதவும். ஆனால் அதைத் தருவது அரசு அல்லது அரசு அங்கீகரித்த அமைப்பு. தேர்வும், பெரும்பாலும் அனுபவக் காலமும் உண்டு. பயிற்சி மையம் தேர்வுக்குத் தயார் செய்யலாம், உரிமம் தர முடியாது. ‘நாங்களே பாய்லர் உரிமம் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ‘எங்களிடம் படித்தால் தேர்வு எழுதத் தகுதி உண்டு’ என்றால், உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களுடைய விளம்பரத் தாளைப் பார்த்து அல்ல.

மற்றபடி, அசல் மதிப்பெண் பட்டியலை மட்டும் எந்த ஏஜெண்டிடமும் விட்டு வராதீர்கள். ‘கம்பெனி சரிபார்க்க வேண்டும்’ என்று வாங்கிக்கொண்டு, மீதிப் பணம் வரும் வரை திருப்பித் தராதவர்களைப் பார்த்திருக்கிறேன். நகல் கொடுங்கள், போதும்.

அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் ஆலைகளில் அப்ரென்டிஸ் இடம் தேடுங்கள். உதவித்தொகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நைட் ஷிப்ட் என்றாலும் போங்கள். முதல் நாளிலிருந்தே நேரம், அளவு, பார்த்தது, செய்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள்.