தோற்றாலும் பணம் என்றால் அவமானமா?

கேள்வி: பல போட்டிகளில் வென்ற செஸ் வீரன் நான். ஒரு நிறுவனம் தன் புதிய செஸ் மென்பொருளுடன் மேடையில் 4 ஆட்டங்கள் ஆட அழைக்கிறது. வென்றால் பெரிய தொகை. தோற்றாலும் அதில் பாதி உண்டு. "தோற்பதற்குக் கூலியா?" என்று கேட்கிறார் என் நண்பர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நண்பரின் சொல் உங்களைச் சுட்டிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அது நியாயமான சொல் அல்ல. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் செஸ் கணினியான டீப் ப்ளூவிடம் 3.5–2.5 என்று தோற்ற உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு 4 லட்சம் டாலர் கிடைத்தது. வென்றவருக்கு உரிய 7 லட்சம், பரிசு வைத்த ஐபிஎம்மின் கணினிக்கே போனது! பரிசு என்று பேர். உண்மையில் அந்நிறுவனம் செலவழித்தது, உலக சாம்பியனை எதிரே உட்கார வைப்பதற்குத்தான். அப்படி உட்கார்வது உழைப்பு. அதற்குக் கூலி வாங்குவதில் வெட்கம் எதற்கு?

உங்கள் நண்பர் மனத்தில் இருப்பது செஸ் வீரர் டேவிட் லெவி போன்றவர்களின் வீரம் என்று நினைக்கிறேன். 10 ஆண்டுகளுக்குள் எந்தக் கணினியும் தன்னை வெல்லாது என்று 1968இல் சொந்தப் பணத்தைப் பந்தயம் கட்டி, 1978இல் ஜெயித்தவர் அவர். அது அழகான கதைதான். ஆனால் அன்று மனிதன் வெல்லும் வாய்ப்பு நிஜமாகவே இருந்தது. இன்று கைப்பேசியில் ஓடும் நிரலையே உலக சாம்பியனால் வெல்ல முடியாது.

ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது தொகையைப் பற்றி அல்ல, நிபந்தனைகளைப் பற்றி. காஸ்பரோவை உலுக்கியது தோல்வி மட்டுமல்ல. டீப் ப்ளூ முன்பு ஆடிய ஆட்டங்கள் அவர் பார்வைக்குத் தரப்படவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் கணினிக்கு மனிதர் யாரோ உதவுகிறாரோ என்ற சந்தேகம் எழுந்து, அது நகர்த்தல்களை எப்படிக் கணக்கிட்டது என்ற பதிவுகளைக் கேட்டார். போட்டி நடக்கும்போது அவை கைக்கு வரவில்லை. மறுபோட்டி கேட்டார்; கணினிக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். விளம்பரம் கிடைத்தபின் எதிராளியையே களத்திலிருந்து விலக்கிவிட்ட அந்தச் செயலை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

2006இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் நிரலுடன் ஆடிய உலக சாம்பியன் கிராம்னிக்குக்கு அந்த நிரலை முன்கூட்டியே கொடுத்தார்கள். ஆடுவதற்கு 5 லட்சம் டாலர், வென்றால் 10 லட்சம். 6 ஆட்டங்களில் நான்கைச் சமன் செய்தார். ஆனாலும் இரண்டாவது ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் வரவிருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் விட்டதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. விளம்பரத்துக்கு நீங்கள் தரும் விலை இப்படியும் இருக்கலாம். அதையும் எண்ணிப் பார்த்துத் தொகையைப் பேசுங்கள்.

சம நிலையில் ஆடாதீர்கள், சலுகை கேளுங்கள். 2016இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா கோமோடோ என்ற செஸ் நிரலுடன் ஆடியபோது, நிரலின் சிப்பாய் ஒன்றை முதலிலேயே எடுத்துவிடுவது போன்ற ஏதாவதொரு சலுகையுடன் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்கினார். மூன்று ஆட்டங்கள் சமனில் முடிந்தன. கடைசி ஆட்டத்தில்தான் தோற்றார். பார்ப்பவர்களுக்கும் அதுதான் சுவாரஸ்யம்.

போட்டியில் ஓடப்போகும் அதே நிரல் சில வாரங்கள் முன்பே உங்களிடம் வர வேண்டும். ஆட்டக்குறிப்புகளும் கணினியின் பதிவுகளும் அன்றன்றே வெளியாக வேண்டும். உங்கள் பெயரும் படமும் எந்த விளம்பரத்தில், எத்தனை காலம் வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இவற்றுக்கு அவர்கள் இணங்கினால் நண்பரை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு ஆடுங்கள். மறுத்தால், எவ்வளவு பெரிய தொகையானாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.