கடைக்குப் பெயர் வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டில் இட்லிப் பொடி, ரசப்பொடி அரைத்து விற்கிறேன். மனதில் ஒரு பெயர் இருக்கிறது, ஜிஎஸ்டியும் அதே பெயரில் வாங்கிவிட்டேன். பாக்கெட் அச்சடிக்கலாமா?

பதில்: பொறுங்கள். ஜிஎஸ்டி வரி கட்டுவதற்கான எண், அவ்வளவுதான். ஒரே பெயரில் பத்துப் பேர் வாங்கினாலும் அங்கே தடுக்க மாட்டார்கள். பெயர் உங்களுடையதாக நிற்க டிரேட்மார்க் வேண்டும், அதாவது அதை உங்கள் வணிகப் பெயராக அரசிடம் பதிவு செய்ய வேண்டும். முதலில் அந்தப் பதிவுக்கான அரசுத் தளமான ஐபி இந்தியாவில், மசாலாப் பொடிகள் வரும் 30ஆம் வகுப்பில் தேடுங்கள், இலவசம்தான். எழுத்தை மட்டும் பார்க்காமல் ஒலியையும் வைத்துத் தேடுங்கள். பெயரில் ழகரம் இருந்தால் ஆங்கிலத்தில் இசட் எச் போட்டு ஒரு தரம், எல் போட்டு ஒரு தரம். 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்ற இரண்டு மருந்துப் பெயர்களும் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம் செல்லும்.

கேள்வி: அண்ணே, சென்னையில் செய்யும் மிட்டாய்க்கு 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று போடலாமா? பாட்டி ஊர் கோவில்பட்டிதான்.

பதில்: பாட்டி ஊர் போதாது தம்பி. 2020ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அதாவது அந்த வட்டாரத்தில் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். மணப்பாறை முறுக்குக்கும் இதே கதை.

கேள்வி: நியூமராலஜிப்படி ஒரு எச் கூட்டச் சொல்கிறார்கள்.

பதில்: அது என் துறை இல்லை. ஆனால் அடுத்தவர் பெயரோடு எச் சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், காதுக்கு எச் கேட்காது.

கேள்வி: உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தால் பெயர் நமக்குத்தானே?

பதில்: ஜிஎஸ்டி மாதிரிதான் இதுவும், முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: ஊதுபத்திக்குச் சாமி பெயர் மட்டும் வைத்தால் பதிவாகுமா?

பதில்: வெறும் சாமி பெயரை நம்பாதீர்கள். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கென்று உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015ல் தீர்ப்பளித்தது.

கேள்வி: அது நூல் பெயர் சார். சாமி பெயரில் எத்தனை ஓட்டல்கள் பதிவாகி இருக்கின்றன! சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பதில்: பதிவாகி இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. பல வருடப் புழக்கம், கூடவே இன்னொரு சொல், தனி லோகோ என்று மொத்தமாகச் சேர்த்து வாங்கியிருப்பார்கள். அந்த மொத்தத்துக்குத்தான் பாதுகாப்பு, சாமி பெயரை மட்டும் உருவி எடுத்துப் பிறரைத் தடுப்பது கஷ்டம்.

கேள்வி: அப்படியென்றால் நானும் எதிர்வரிசையில் அதே சாமி பெயரில் மெஸ் திறக்கலாம்!

பதில்: அதே சிவப்பு போர்டு, அதே எழுத்து, அதே தெருவா? வருகிறவன் அந்தக் கடை என்று ஏமாந்தால், பதிவே இல்லாத பழைய கடைக்காரர்கூட உங்கள் மேல் வழக்குப் போடலாம். வம்புக்கென்றே கேட்கிறீர்கள், போதும்.

கேள்வி: போர்டு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கலாமா?

பதில்: தமிழ்நாட்டில் கூடாது. தமிழ் முதலில், பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது விதி.

கேள்வி: விண்ணப்பித்துவிட்டேன். பதிவான பெயர் என்று காட்ட வட்டத்துக்குள் ஆர் போடலாமா?

பதில்: பதிவாகும் வரை டிஎம் (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) மட்டும். முன்கூட்டியே ஆர் போடுவது சட்டப்படி குற்றம்.

கேள்வி: சார், ஜிஎஸ்டி இருக்கு, அது போதாதா?

பதில்: போதாது.