சொந்தக்காரர் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார், உறவு கெடாமல் எப்படி மறுப்பது?

நீங்கள் கேட்டது இது: அரசுப் பள்ளி ஆசிரியை. கணவரின் அண்ணன் கடையைப் பெரிதாக்கக் கூட்டுறவு வங்கியில் எட்டு லட்சம் கடன் கேட்டிருக்கிறார். அரசு ஊழியர் ஜாமீன் வேண்டும் என்கிறார்கள். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார். மாமியார் "குடும்பத்துக்குள்ளதானேம்மா" என்கிறார். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை, பகையும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருட சர்வீஸ் இருக்கும், உங்கள் பெயரில் ஒரு வீட்டுக்கடனும் ஓடும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடன் பத்திரங்களோடு அன்றாடம் புழங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். கையெழுத்துப் போட வருகிறவரிடம்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். "ஒரு கையெழுத்துதானே" என்று அவர் சொல்லும்போது மறுப்பது அற்பத்தனமாகத் தோன்றுகிறது. ஆனால் அவர் கேட்பது எட்டு லட்ச ரூபாய்க் கடனில் உங்களைச் சரிபாதி அல்ல, முழுப் பங்காளியாக்குவது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128-இன்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு. "முதலில் அவரைக் கேளுங்கள், அவர் கடையை ஏலம் விடுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்று வங்கியிடம் நீங்கள் சொல்ல முடியாது. பீகார் வங்கி – தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 1960களிலேயே தீர்த்துவிட்டது. நடைமுறையில் பார்த்தால், நாளுக்கொரு வசூல் வரும் கடைக்காரரை விட, மாதக் கடைசியில் சம்பளம் ஏறும் ஆசிரியையிடம் வாங்குவது வங்கிக்கு எளிது. அரசு ஊழியர் ஜாமீன் கேட்பதே அதற்காகத்தான்.

தொகையாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி உங்கள் சம்பளத்தைப் பிடிக்க வந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-இன்படி முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மீதி ஒரு பங்கைப் பிடிக்கலாம். விலக்குள்ள படிகள் போகக் கணக்கில் வரும் சம்பளம் 58,000 என்றால், 57,000-இல் மூன்றில் ஒன்று 19,000. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் வரை பிடிக்கலாம். ஆக 4,56,000 ரூபாய். அதன்பின் அந்தத் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் சேமிப்புக் கணக்கு, மனை, நகை எல்லாம் அந்தப் பாதுகாப்புக்கு வெளியில்தான் நிற்கின்றன. சில இடங்களில், சம்பளம் போடும் அலுவலரிடமிருந்தே "தவணை தவறினால் பிடித்து அனுப்புகிறேன்" என்று முன்கூட்டியே கடிதம் வாங்கிவிடுவார்கள். அந்தக் கடிதம் கொடுத்துவிட்டால், தவணை நின்றதும் சம்பளத்தில் கை வைக்க அதையே காட்டுவார்கள்.

இதோடு சிபில், அதாவது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம். அவர் கடன் உங்கள் அறிக்கையில் "ஜாமீன்தாரர்" என்ற தலைப்பில் பதிவாகும். அவர் 90 நாள் கட்டாமல் விட்டால் கடன் வாராக்கடனாகும், அந்தக் கறை உங்கள் பக்கமும் தெரியும். அவர் ஒழுங்காகக் கட்டினாலும்கூட, நீங்கள் பிள்ளை படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கப் போகும் நாளில் மேனேஜர் இந்த எட்டு லட்சத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க இடமிருக்கிறது.

"சாட்சிக் கையெழுத்துதான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். சாட்சியிடம் பெயரும் முகவரியும் கேட்பார்கள். பான் கார்டு, மூன்று மாதச் சம்பளப் பட்டியல், ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் கேட்டால் நீங்கள் ஜாமீன்தாரர், அல்லது அதைவிட மோசமாகக் கூட்டு விண்ணப்பதாரர். தேதியும் தொகையும் எழுதாத காசோலை கேட்டால் அது இன்னொரு கண்ணி. ஜாமீன்தாரர் கொடுத்த காசோலை திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன்படி வழக்கு வரும். அது கிரிமினல் வழக்கு. அரசு ஊழியருக்கு அதன் பொருள் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, மறுப்பது எப்படி.

பெரும்பாலானோர் தவறுவது முதல் நொடியில். போனில் கேட்டதும் "பாக்கலாம் மாமா" என்று சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் "பாக்கலாம்" என்றால் கேட்டவர் காதில் "சரி" என்றே விழும். அவர் அதை நம்பி மேனேஜரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிடுவார். வேறு ஆள் தேடுவதை நிறுத்திவிடுவார். பிறகு ஞாயிற்றுக்கிழமை இரவு நீங்கள் மறுத்தால் அவர் கோபத்தில் பாதி நியாயமானது. நீங்கள் ஏற்கெனவே அப்படிச் சொல்லியிருந்தால் இன்றே, அதிகம் போனால் நாளைக்குள், பேசிவிடுங்கள்.

இரண்டாவது தவறு சாக்குச் சொல்வது. சாக்கு எதுவானாலும் அவர் அதற்குத் தீர்வோடு வருவார். "சம்பளச் சான்று கிடைக்காது" என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஆள் பிடித்து வாங்கி வருவார். "அவரைக் கேக்கணும்" என்றால் அன்றே தம்பிக்குப் போன் போட்டு "என்னடா, ஓகேதானே" என்று முடித்துவிடுவார். "சிபில் சரியில்லை" என்றால் "மேனேஜர் நம்ம ஆளு, பாத்துச் சொல்லச் சொல்றேன்" என்பார், உங்கள் பொய் அங்கேயே உடையும். கையெழுத்து மறுத்ததை உறவுகள் ஒரு வருடத்தில் மறந்துவிடும். பொய் சொன்னதை எல்லாக் கல்யாணத்திலும் பேசுவார்கள்.

உண்மையான காரணம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அதுவும் அவரைப் பற்றியதாக இல்லாமல் உங்கள் வழக்கத்தைப் பற்றியதாக:

"மாமா, நாங்க ரெண்டு பேரும் யாருக்கும் ஜாமீன் போடறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. திங்கட்கிழமைக்குள்ள நீங்க வேற ஏற்பாடு பண்ணணுமேன்னுதான் இன்னிக்கே வந்து சொல்றோம்."

இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். "நாங்க" என்ற சொல் மிக முக்கியம். பேச வேண்டியது உங்கள் கணவர், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருடைய அண்ணன் என்பதால் அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது குடும்பத்தின் முடிவு. அவர் "அவ வேண்டாங்கறா, நான் என்ன பண்றது" என்று நழுவினால் அன்றோடு அந்த வீட்டில் உங்கள் பெயர் கெட்டது. அடுத்த இருபது வருடம் அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டும். போவதற்கு முன் கணவரிடம் இதை உட்கார்ந்து பேசி, சொல்லப்போகும் வாக்கியத்தை இருவரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். "யாருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் உங்கள் தம்பிக்கு ஜாமீன் போட்டால் எல்லாம் பாழ். உங்கள் பிறந்த வீட்டுக்கும் அதே விதி என்றால் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள்.

நேரில் போங்கள். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் வேண்டாம், விசேஷ வீட்டில் பந்தி நடக்கும்போது வேண்டாம், கடையில் வேலையாட்கள் முன்னால் வேண்டவே வேண்டாம். அவர் வீட்டுக்கு மாலையில் போய், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அவர் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நாலு பேர் முன்னால் "இல்லை" கேட்பதுதான் வலிக்கும்.

அதோடு முடியாது. அடுத்து மாமியார் பேசுவார், அதற்கடுத்து ஒரு பெரியப்பாவோ ஊர்ப் பெரிய மனிதரோ பேசுவார். மூன்று பேரிடமும் அதே வாக்கியம். மாமியாரிடம் கூடுதலாக ஒரு விளக்கம் கொடுத்தால் அந்த விளக்கம் அண்ணனிடம் போய், அங்கிருந்து ஒரு பதில் வரும், விவாதம் தொடங்கிவிடும்.

மறுத்த கையோடு ஒரு வழியும் காட்டினால் பாதிக் கசப்பு குறையும், அதற்கு உங்களுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். சிறு வியாபாரத்துக்கு முத்ரா கடன் இருக்கிறது, எட்டு லட்சம் அதன் வரம்புக்குள் வரும், அடமானம் கிடையாது. சிறு, குறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் கீழும் மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாமல் வங்கிகள் கொடுக்கின்றன. அதற்கு உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), ஜி.எஸ்.டி. கணக்கு அல்லது வருமான வரிக் கணக்கு, கடை வாடகை ஒப்பந்தம், வாங்கப்போகும் சரக்குக்கான விலைப்புள்ளி இவற்றைத் தயார் செய்யச் சொல்லுங்கள். கணக்கே எழுதாத கடை என்றால் தடை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பேப்பர் வேலையில் உங்கள் கணவர் ஒரு சனிக்கிழமை கூட உட்காரலாம். அவசரமென்றால் நகைக் கடன், எல்.ஐ.சி. பாலிசிக் கடன், வைப்புத்தொகை மேல் கடன் மூன்றுக்குமே ஜாமீன்தாரர் தேவையில்லை. பணமாகக் கொடுக்க நினைத்தால், திரும்பி வராவிட்டாலும் பொங்கலுக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடிகிற தொகையாக இருக்கட்டும். அது 20,000 ஆகவும் இருக்கலாம், ஒரு லட்சமாகவும் இருக்கலாம், உங்களுக்குத்தான் தெரியும்.

இதைப் படித்துவிட்டு "சம்பளக்காரத் திமிர்", "குடும்பத்துக்கு உதவாத படிப்பு எதுக்கு" என்று சிலர் எழுதுவார்கள். அவர்களுக்கு: அவர் ஏமாற்றுவார் என்று நான் சொல்லவே இல்லை. நேர்மையானவருக்கும் வியாபாரம் படுக்கும், உடம்பு படுக்கும், எதிரில் பெரிய கடை வரும். ஜாமீனே போடக் கூடாது என்றும் சொல்லவில்லை. அந்தக் கடன் முழுவதையும் நாமே கட்டத் தயார் என்ற நிலையில், பிள்ளைக்கோ கூடப் பிறந்தவருக்கோ போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். பிள்ளைகளின் கல்விக் கடனுக்கு என்று யாராவது கேட்டால், மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாமலே கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியைகளும் நர்ஸ்களும்தான் இந்தக் கையெழுத்துக்கு அதிகம் அழைத்து வரப்படுகிறார்கள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, புகுந்த வீட்டில் யாரென்றே முழுதாகத் தெரியாத ஒருவருக்காக வந்து நிற்பார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பத்துப் பதினைந்து பக்கம் ஆங்கிலப் பத்திரத்தைப் புரட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டி, "ஃபார்மாலிட்டிதான் மேடம், இங்க, இங்க, இங்க" என்பார். தொகை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். தமிழ்நாட்டில், தமிழில் பாடம் நடத்துகிற ஒருவர், தன் ஆயுள் சம்பளத்தைப் பிணை வைக்கும் தாளைத் தமிழில் படிக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். எத்தனை வருடமானாலும் எனக்கு இது ஆறாது. ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகும்?

மறுத்த பிறகு ஒதுங்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் வேறு ஏதாவது காரணத்துக்காக நீங்களே போன் செய்யுங்கள். கடன் பேச்சை எடுக்க வேண்டாம். அவர் கடையைப் பெரிதாக்கித் திறக்கும் நாளில் முதல் ஆளாகப் போங்கள், அங்கே வாங்கும் பொருளுக்குத் தள்ளுபடி கேட்காமல் முழு விலை கொடுங்கள். ஆறு மாதம் அவர் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அது இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் போகும் விசேஷங்களைக் குறைக்க வேண்டாம்.

ஒருவேளை இதைப் படிக்கும்போது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால், ஜாமீன் பத்திரத்தின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கடன் கணக்கின் நிலவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அதையும் எடுத்துப் பாருங்கள். கேஷ் கிரெடிட் போல எடுத்து எடுத்துக் கட்டும் கடனாக இருந்தால், அதே ஒப்பந்தச் சட்டம் பிரிவு 130-இன்படி வங்கிக்கு நோட்டீஸ் கொடுத்து, இனி எடுக்கப்போகும் பணத்துக்கு நான் பொறுப்பில்லை என்று விலகலாம். பழைய பாக்கிக்குப் பொறுப்பு உண்டு. தவணைக் கடனில் இந்த வழி கிடையாது. உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால் பிரிவு 133 உங்களைக் காப்பாற்றும் என்பார்கள். அச்சடித்த பத்திரங்களில் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், நகலில் அதைத் தேடிப் பாருங்கள்.

கட்ட வேண்டிய நிலை வந்தால் அண்ணன் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு மாற்றி, "ஜாமீன்தாரர் செலுத்தியது" என்று குறிப்பிட்ட ரசீது வாங்குங்கள். பிரிவு 145-இன்படி அந்தப் பணத்தை அவரிடமிருந்து திரும்பப் பெறவும், இன்னொரு ஜாமீன்தாரர் இருந்தால் பிரிவு 146-இன்படி அவர் பங்கைக் கேட்கவும் அந்த ரசீது வேண்டும்.