ஒரே மதிப்பெண், ஒருவருக்கு மட்டும் உதவித்தொகையா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன், சென்ற ஆண்டு எழுதிய பி.எஸ்.ஏ.டி. தேர்வில் (கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு முன்னோட்டம் இது) 1,520-க்கு 1,470 பெற்றான். கணிதத்தில் முழு மதிப்பெண் 760, வாசிப்பு-எழுத்தில் 710. அவன் வகுப்புத் தோழிக்கும் 1,470தான். ஆனால் கணிதத்தில் 710. இந்தத் தேர்வை வைத்து நாடு முழுவதும் தரப்படும் நேஷனல் மெரிட் உதவித்தொகையின் அரையிறுதிக்கு அவள் தேர்வாகிவிட்டாள். இவனுக்குப் பாராட்டுக் கடிதம் மட்டுமே. இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளி பாரபட்சம் காட்டுகிறதா?

பதில்: இல்லை, சகோதரி. அரையிறுதிப் பட்டியலை முடிவு செய்வதில் பள்ளிக்கு வேலையே இல்லை.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்த உதவித்தொகைக்கு மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுக்கிறார்கள். உங்கள் மகனுக்கு 218 வருகிறது, தோழிக்கு 223. முன்பு வாசிப்பு, எழுத்து, கணிதம் என மூன்று தனி மதிப்பெண்கள் இருந்தன. முதல் இரண்டும் ஒரே பகுதியான பிறகும் அவற்றின் இரு பங்கு அப்படியே தொடர்கிறது. கணிதத்தில் ஒரு மதிப்பெண்கூட இழக்காத பிள்ளைக்கு இது வலிக்கத்தான் செய்யும். எனக்கும் இந்த முறையில் உடன்பாடில்லை.

கட் ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 16,000 அரையிறுதி இடங்களை, பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் எட்டாத 218, வடக்கு டகோட்டாவில் தாராளமாகப் போதும்.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். நேஷனல் மெரிட் நேரடியாகத் தருவது ஒரே ஒரு முறை 2,500 டாலர். இறுதிச் சுற்றை எட்டியவர்களுக்குப் பெருந்தொகை தரும் கல்லூரிகள் சில உண்டு. அந்த வாய்ப்பு கைநழுவியது உண்மைதான். ஆனால் கல்லூரிகள் தாங்களாகவே தரும் தகுதி உதவித்தொகை இன்னும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே எஸ்.ஏ.டி. மொத்த மதிப்பெண்ணைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். அவனுடைய கணிதத்துக்கு முழு மதிப்பு கிடைக்கும். அலபாமா பல்கலைக்கழகம், இந்த மதிப்பெண்ணுக்கும் பள்ளிச் சராசரிக்கும் இவ்வளவு தொகை என்று அட்டவணையே வெளியிடுகிறது. வெவ்வேறு தேதிகளில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியின் சிறந்த மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் நிறைய உண்டு. ஆகவே எஸ்.ஏ.டி.யை மறுமுறை எழுதினால் வாசிப்பு-எழுத்தில் மட்டும் முழுக் கவனம் வைக்கட்டும்.

ஒன்றில் எச்சரிக்கை தேவை. சேர்க்கைக்குத் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று சொல்லும் கல்லூரி, உதவித்தொகைக்கு அதைக் கேட்கலாம். அதற்கான கடைசி நாளும் முன்கூட்டியே முடிந்துவிடலாம். ஹார்வர்டு, யேல் போன்றவை மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதே இல்லை. குடும்பத்தின் பொருளாதார நிலையை மட்டுமே பார்க்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எஸ்.ஏ.டி.யைக் கணக்கில் எடுப்பதில்லை. பட்டியல் போடும்போது இவற்றைத் தனியே பிரித்து வையுங்கள்.

இன்றிரவே மகனை அருகில் அமர்த்தி, 218-ம் 223-ம் எப்படி வந்தன என்று தாளில் போட்டுக் காட்டுங்கள். கணக்குப் பிள்ளை அல்லவா, உடனே புரிந்துகொள்வான். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.