உளியின் தலை விரிந்துவிட்டதா? சுத்தியல், உளி, பஞ்ச்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரும்பு வெட்டும் உளியின் தலை அடிவாங்கி விரிந்து, ஓரம் மடிந்துவிட்டது. முனை நன்றாகத்தான் வெட்டுகிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. உளியின் முனையைக் கடினமாக்கி, தலையை வேண்டுமென்றே மென்மையாக விட்டிருப்பார்கள். தலையும் கடினமாக இருந்தால், சுத்தியல் படும்போது இரண்டில் ஒன்று சில்லாகத் தெறித்துவிடும். மென்மையான தலை அடிபட அடிபட நசுங்கிப் பரவத்தான் செய்யும். அந்த மடிப்பின் அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை விரிசல்கள் தெரியலாம். அங்கிருந்து துணுக்கு எப்போது பிய்ந்து பறக்கும் என்று சொல்ல முடியாது. பறந்தால் கண்ணைத் துளைக்கும். அடிப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்று நான் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான்.

சாணையில் மடிப்பு முழுவதையும் நீக்கி, தலையின் விளிம்பைச் சுற்றிலும் சற்றுச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். விரிசல் உள்ளே இறங்கியிருந்தால் அந்த உளி இனி வேண்டாம். முனையைத் தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். சாதாரண இரும்புக்கு முனைக் கோணம் சுமார் 60 பாகை. அலுமினியத்துக்கு 30 போதும்.

கேள்வி: ஆணி அடிக்கும் சுத்தியலாலேயே உளியையும் அடிக்கலாமா?

பதில்: இரும்பு உளியை அடிக்க வேண்டாம். அந்தச் சுத்தியல் சாதாரண ஆணிக்காகச் செய்யப்பட்டது. பின்புறம் உருண்டையாக உள்ள பால்பீன் சுத்தியலை எடுங்கள். அதன் முகம் உளித் தலையைவிட ஏறத்தாழ 10 மி.மீ. அகலமாக இருக்கட்டும். சுத்தியலைச் சுத்தியலால் அடிப்பது இதைவிட ஆபத்து. இரண்டு முகங்களும் கடினமானவை.

கேள்வி: பாகங்களை இணைக்கும் உலோகப் பின் (pin) துளைக்குள் இறுகிவிட்டது. அதைத் தட்டி வெளியேற்றும்போது, அதன்மேல் வைத்து அடிக்கும் எஃகுக் கோலான பஞ்ச் (punch) வளைந்துவிடுகிறது. மட்டமான பஞ்சா?

பதில்: பஞ்சைக் குறை சொல்ல முடியாது, வரிசைதான் தவறு. முதலில் கூம்பு வடிவக் குட்டைப் பஞ்சை வைத்து ஓர் அழுத்தமான அடி கொடுத்துப் பின்னை அசையச் செய்யுங்கள். அசைந்த பிறகே நீண்ட, ஒரே பருமனுள்ள பஞ்ச். அது துளைக்குள் உரசாமல் போகும் அளவுக்குப் பின்னைவிடச் சற்றே மெல்லியதாக இருந்தால் போதும். மிக மெல்லியதை வைத்தால் வளையும், பின்னின் நடுவையும் குழிக்கும். துளையிட வேண்டிய இடத்தைக் குறிக்கும் சென்டர் பஞ்சை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அதன் கூர்முனை பின்னின் தலையைப் பரப்பித் துளைக்குள் இன்னும் இறுக்கிவிடும்.

கேள்வி: சுத்தியலின் மரக்காம்பு ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகுமா?

பதில்: ஊறினால் இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். காம்பு நன்றாக இருந்தால் புதிய ஆப்பு அடியுங்கள். வெடிப்பு இருந்தால் காம்பையே மாற்றுங்கள். டேப் சுற்றுவது வெடிப்பை மறைக்குமே தவிர நிறுத்தாது.

கேள்வி: அடி அடிக்கடி கைமேல் விழுகிறதே?

பதில்: பெரும்பாலும் உளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதன் தலையையே பார்ப்பவர்களுக்குத்தான் இப்படி நேர்கிறது. பிடியைச் சற்றுத் தளர்த்தி, வெட்டுமுனையைப் பாருங்கள். தோள் உயரத்துக்கு ஓங்காமல் சிறு அடிகளாகப் பழகுங்கள். கைக்காப்பு ரப்பர் பொருத்திய உளிகளும் கிடைக்கின்றன. புதிதாகப் பழகுபவர்கள் அதையே வாங்கலாம்.