ஸ்மார்ட்வாட்ச் மாதம் ஒரு நிமிடம் பின்தங்கினால் பிரித்துப் பழுது பார்க்க வேண்டுமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. புளூடூத் அழைப்பு வசதியுள்ள என் ஸ்மார்ட்வாட்ச் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பின்தங்குகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நேரம் சரியாக இருக்கிறது, அழைப்புகளும் வாட்சில் ஒழுங்காக வருகின்றன. தேர்வறைக் கண்காணிப்பில் இதை நம்ப முடியவில்லை. உள்ளே கிரிஸ்டல் போய்விட்டது, மாற்ற 800 ரூபாய் ஆகும் என்கிறார் பழுது பார்க்கும் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். வாட்சை அவரிடம் கொடுத்திருந்தால், திறப்பதற்கு முன்பே திரும்ப வாங்கிவிடுங்கள்.

அவர் சொல்லும் கிரிஸ்டல் உள்ளே இருப்பது உண்மை. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வுகளை எண்ணித்தான் வாட்ச் நேரத்தைக் கணக்கிடுகிறது. இவ்வகைப் படிகங்களில் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவிலான பிழை சாதாரணமானது. அது நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் நொடி, மாதத்துக்கு ஐம்பது நொடிக்குச் சற்று மேல் என்று வரும். இவை 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சரியாக ஓடும்படி தயாரிக்கப்படுபவை என்பதால், அதைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகவே ஓடும். ஆகவே வெயில் படும் ஜன்னலோரத்தில் கழற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். கூட்டிப் பார்த்தால் உங்கள் ஒரு நிமிடம் வந்துவிடுகிறது. படிகம் பழுதாகவில்லை, இயல்பாகவே ஓடுகிறது. 800 ரூபாய் கொடுத்துப் போடும் புதுப் படிகமும் இதே பிழையோடுதான் வரும். இதற்காக ஒட்டியிருக்கும் பின்மூடியை நெம்பித் திறந்தால், தண்ணீர் புகாத தன்மையும் உத்தரவாதமும் சேர்ந்து போய்விடும்.

இந்தப் பிழை எல்லா ஸ்மார்ட்வாட்சிலும் உண்டு. மற்றவர்கள் அதைக் கவனிக்காததற்குக் காரணம், கைப்பேசி அவ்வப்போது வாட்சின் நேரத்தைத் திருத்திவிடுகிறது என்பதுதான். உங்கள் வாட்சுக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. 'அழைப்பு வருகிறது, ஆகவே இணைப்பு இருக்கிறது' என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை. பெட்டியோடு வரும் குறிப்பேடுகள் பலவற்றில் இது தெளிவாக இருப்பதில்லை. இத்தகைய வாட்சுகள் பெரும்பாலும் கைப்பேசியோடு இரண்டு தனித்தனி புளூடூத் இணைப்புகளை வைத்திருக்கின்றன. அழைப்பின் ஒலி ஒரு வழியாக வருகிறது. நேரம், நடையின் கணக்கு, குறுஞ்செய்தி அறிவிப்பு ஆகியவை நிறுவனத்தின் செயலி வழியாக இன்னொரு பாதையில் வருகின்றன. முதலாவது நன்றாக இருக்கும்போதே இரண்டாவது வாரக்கணக்கில் அறுந்து கிடக்கலாம்.

செயலியைத் திறந்து பாருங்கள். வாட்சின் படம் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தாலோ, நடையின் கணக்கு பழைய தேதியோடு நின்றிருந்தாலோ சந்தேகமே வேண்டாம். திரையை மேலிருந்து கீழே இழுத்து இணைப்பைப் புதுப்பித்தால் வாட்சின் நேரம் உடனே சரியாகிவிடும். அது நிலைக்க வேண்டுமானால், கைப்பேசியின் அமைப்புகளில் அந்தச் செயலிக்கான பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, பின்னணியில் இயங்கவும் அருகிலுள்ள சாதனங்களோடு இணையவும் அனுமதி கொடுங்கள். சில கைப்பேசிகளில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும், அதையும் இயக்குங்கள். திறந்திருக்கும் செயலிகளையெல்லாம் ஒரே தட்டில் மூடும் பழக்கம் இருந்தால், இந்தச் செயலியும் அதில் சிக்கும். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று கைப்பேசி நிறுவனம் செயலியை முடக்குகிறது, செயலி முடங்கியதை வாட்ச் நிறுவனம் சொல்வதில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவில் பணத்தை இழப்பவர் வாடிக்கையாளர்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் அணியும் சில வாட்சுகள் கைப்பேசி இல்லாமலே ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஜிபிஎஸ் தனக்கென ஒரு நேரக்கணக்கை 1980 ஜனவரியிலிருந்து வைத்திருக்கிறது. உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் கூடுதல் நொடிகளை அது சேர்ப்பதில்லை. எனவே 2017 தொடக்கத்திலிருந்து அது 18 நொடி முன்னால் இருக்கிறது. எத்தனை நொடி கழிக்க வேண்டும் என்பதையும் செயற்கைக்கோளே சொல்லும்; ஆனால் அதன் முழுச் செய்தியும் வந்து முடியப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டால், சில வாட்சுகள் சில நொடிகள் முன்னால் காட்டக்கூடும். அப்போது வாட்சோடு வெட்டவெளியில் கால் மணி நேரம் நின்றால் போதும். உங்கள் வாட்ச் பின்தங்குகிறது என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. இருந்தாலும் இதைச் சொல்வதற்குக் காரணம், 'ஜிபிஎஸ் சரிசெய்கிறோம்' என்று சொல்லிப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மலிவு விலை வாட்சுகள் பலவற்றின் பெட்டியில் ஜிபிஎஸ் என்று அச்சிட்டிருப்பது உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஜிபிஎஸ்ஸைத்தான்; வாட்சுக்குள் சரிசெய்ய எதுவுமில்லை.

பிழை சரியாக அரை மணி நேரமோ ஐந்தரை மணி நேரமோ இருந்தால், அது கைப்பேசியில் நேர மண்டலம் மாறியிருப்பதன் விளைவு. இதையும் 'சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும்' என்று சொல்லிக் காசு பார்ப்பவர்கள் உண்டு.

இன்னொரு வலையும் இருக்கிறது. நிறுவனங்கள் பழைய மாடல்களுக்கான செயலியைக் கைகழுவிவிடுகின்றன. விற்கும்போது எத்தனை ஆண்டு செயலி கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. உங்கள் செயலி பிளே ஸ்டோரில் இல்லையென்றால், கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பும் கோப்பை நிறுவாதீர்கள். நேரத்தைத் திருத்துவதாகச் சொல்லி உங்கள் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்கும் எந்தச் செயலியும் வேண்டாம்.

இணைப்பைச் சரிசெய்த பிறகு ஒரு வாரம் பாருங்கள். செயலி இணைந்திருக்கும்போதே நாளுக்கு நாள் நிமிடக்கணக்கில் பின்தங்கினால்தான் அது உண்மையான பழுது. அப்போதும் பழுது பார்க்கும் கடைக்குப் போகாமல், ரசீதோடு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போங்கள். உத்தரவாதக் காலம் முடியாமலிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, அதற்குத் தரும் எண்ணை அந்த ரசீதின் பின்புறத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.