பணம் சேர்ப்பதை இஸ்லாம் தவறு என்கிறதா?

"செல்வம் எதற்கு, சேர்ப்பதே தவறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. நபி (ஸல்) அவர்களின் துணைவியார் கதீஜாவே வசதியான வணிகர்தான்.

ஆனால் பணம் முழுக்க நம்முடையது இல்லை, நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் அமானிதம். குர்ஆன் 59:7 வெளிப்படையாகவே சொல்கிறது: செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கவும் சொல்லவில்லை. நோயில் கிடந்த நபித்தோழர் சஅத் பின் அபீ வக்காஸ், சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள் நபி. பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? "அதுவே அதிகம்." வாரிசுகளைக் கையேந்த விடுவதைவிட வசதியாக விட்டுப்போவது மேல் என்பதுதான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் ஜகாத், அதாவது கட்டாய தர்மம். பரவலான கணக்குப்படி 85 கிராம் தங்கம், அதாவது பத்தரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல், ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும். 100 கிராமுக்கு இரண்டரை கிராம். பெண்கள் அணியும் நகைக்கும் உண்டா? ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்டப் பிரிவு) உண்டு; ஷாஃபி மத்ஹபில், வழக்கமான அளவில் அணிவதற்குக் கிடையாது. வீட்டுக்கு வீடு விவாதம் கிளம்புவது இங்கேதான்.